டிசம்பர்ல காப்பி, மே மாசத்துல சாக்லேட்: வேலூர்லேருந்து தோட்டம் பாக்கக் கெளம்பறவங்களுக்கு

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், காப்பியும் சாக்லேட்டும் ஒரே ட்ரிப்ல ஒரே தோட்டத்துல முடிச்சிடலாம்னு பிளான் போடாதீங்க. அரபிக்கா காப்பிக்கு மலையும் குளிரும் வேணும், சாக்லேட்டுக்கான கொக்கோ மரம் மலைக்குக் கீழ, தென்னந்தோப்பு நிழல்ல நல்லா வரும். நமக்குக் கிட்டன்னு பாத்தா காப்பிக்கு ஏற்காடு, கொக்கோவுக்குப் பொள்ளாச்சி ஆனைமலைப் பக்கம். ரெண்டும் வேற வேற ஊரு, சீசனும் வேற.

நாங்க முதல் தடவை ஏற்காடு போனது மே மாசம், வேலூர் வெயில்லேருந்து தப்பிச்சா போதும்னு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சின்னவன் ரெண்டு தடவை வாந்தி எடுத்து, தோட்டத்துல போய் நின்னா வெறும் பச்சை இலைதான். காய் குண்டூசித் தலை அளவுக்கு இருக்கு, பழம் உடைக்கிற பல்ப்பர் மெஷின்ல சிலந்தி கூடு கட்டினு இருக்கு. தோட்டக்காரர் பாவம், எல்லாத்தையும் கையால காத்துல வரைஞ்சு வரைஞ்சு காட்டினாரு. மார்ச் ஏப்ரல் மழைக்குப் பூ பூக்கும், மல்லி மாதிரி வாசனை, சில நாள்லயே வாடிடும், அதுலேருந்து பழம் சிவக்க 8, 9 மாசம் ஆகும். அப்போ கணக்கு போட்டுப் பாருங்க, நம்ம பசங்களோட அரைப் பரீட்சை லீவுதான் சரியான நேரம்.

தோட்டத்தை எப்படிப் புடிக்கிறதுன்னா, நெட்ல தேடறதுக்கு முன்னாடி நீங்க காப்பித்தூள் அரைக்கிற கடையில கொட்டை எங்கேருந்து வருதுன்னு கேளுங்க, எங்களுக்கு அப்படித்தான் கெடைச்சுது. இல்லன்னா தோட்டத்துக்குள்ளயே ரூம் விடற குடும்பங்க நெறைய இருக்காங்க. போன் பண்ணா "காப்பித் தோட்டம் இருக்கா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. "இந்த வாரம் பல்ப்பர் ஓடுதா, என்னைக்கு ஓடும்"னு கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறினா அங்க ரூம் மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டு ராத்திரி தங்கற மாதிரி போங்க. காட்பாடியில ரயில் ஏறினா சேலம் மூணு மணி நேரம், அங்கேருந்து பஸ்ஸு. கார்னா கிருஷ்ணகிரி, தருமபுரி வழி. முழுக்கை சட்டை, ஷூ கட்டாயம், ஈரம் இருந்தா அட்டை ஏறும், செவ்வெறும்பு வேற. ஸ்வெட்டரும் எடுத்துக்குங்க, நம்ம ஊர் டிசம்பர நம்பி போகாதீங்க.

காலையில பறிக்கப் போகும்போது ஒரு விஷயம். பழம் பறிக்கிற அக்காங்களுக்குப் பல தோட்டத்துல கிலோ கணக்குலதான் கூலி, அவங்க பாத்தியில பூந்து போட்டோ எடுத்துனு நிக்காதீங்க. அவங்க கூடையில பசங்க பச்சைக் காயப் போட்டுட்டா எடை போடற நேரத்துல திட்டு வாங்கறது அவங்கதான். தனி கூடை கேட்டு வாங்கி ஒரு ஓரமா உள்ள செடியில பறிங்க. நல்லா சிவந்தது மட்டும், ஒவ்வொண்ணா லேசா திருகி எடுக்கணும், கொத்தோட உருவினா அடுத்த வருஷம் பூக்கற கணுவே போயிடும். பழத்த வாயில போட்டுப் பாருங்க, தோல் கிட்ட இனிப்பா வழவழன்னு இருக்கும், காப்பி வாசனை துளி கூட இருக்காது. உள்ள ரெண்டு கொட்டை முகத்துக்கு முகம் பாத்துனு இருக்கும், சிலதுல உருண்டையா ஒண்ணே ஒண்ணு, அதான் கடையில பீபெரின்னு தனி விலை சொல்றது.

சாயங்காலம் பழத்தத் தண்ணியில கொட்டுவாங்க, மிதக்கறத தனியா எடுத்துடுவாங்க, முழுகினது பல்ப்பருக்குள்ள போகும். தோல் ஒரு பக்கம் போக, வழவழப்போட கொட்டை தொட்டியில விழும், அப்படியே ஒண்ணு ஒன்றரை நாள் புளிக்க விடுவாங்க. ரெண்டு ராத்திரி தங்கச் சொன்னது இதுக்குத்தான், பல பேர் பல்ப்பர் பாத்ததும் கெளம்பிடறாங்க, கழுவறதப் பாக்கறதே இல்ல. புளிச்சது போதுமான்னு பாக்க ஒரு புடி அள்ளித் தேய்ப்பாங்க, வழுக்காம பொடிக்கல்லு மாதிரி கரகரன்னு இருந்தா கழுவலாம். நீங்களும் கைய விட்டுப் பாருங்க, ஒரு தடவை தொட்டா புரிஞ்சிடும். அப்புறம் களத்துல காய வைக்கிறது, மேல் தோடு உரிக்கிறது. சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டைதான் தேறும், வறுத்தா அதுலயும் 150 கிராமுக்கு மேல போயிடும்.

வரும்போது வறுக்காத கொட்டை அரைக் கிலோ வாங்கினு வாங்க. வீட்ல இரும்புச் சட்டியில 200 கிராம் மட்டும் போட்டு மிதமான தீயில கை எடுக்காம கிளறுங்க. மஞ்சளாகும், ரொட்டி சுடற வாசனை வரும், அப்புறம் படபடன்னு வெடிக்கும். வெடிப்பு அடங்கினதும் முறத்துல கொட்டி விசிறுங்க, சட்டியிலயே விட்டா கருகிடும். ஒரு நாள் விட்டு அரைச்சு ஃபில்டர்ல போடுங்க. முதல் டம்ளர் தண்ணியா இருக்கேன்னு எங்க மாமியார் முகத்த சுளிச்சாங்க, அது சிக்கரி இல்லாததால. கடைத் தூள்ல சிக்கரி 49 சதவீதம் வரைக்கும் போட சட்டமே விடுது, அந்தக் கெட்டியும் கருப்பும் அதுலேருந்துதான்.

கொக்கோவுக்கு மே மாசம். கோயம்புத்தூர் வரைக்கும் ரயில், உக்கடத்துல பொள்ளாச்சி பஸ். போன்ல கேக்க வேண்டியது, "நீங்களே சாக்லேட் செய்றீங்களா, இல்ல காய்ஞ்ச கொட்டைய கம்பெனிக்குப் போடறீங்களா"ன்னு, முக்காவாசி பேர் ரெண்டாவதுதான். காய் கிளையில மட்டும் இல்ல, அடிமரத்துலயே ஒட்டினு தொங்கும், பலாக்கா மாதிரி. கத்தி போடாம கட்டையால தட்டி உடைப்பாங்க, கொட்டை வெட்டுப்படக் கூடாதுன்னு. வெள்ளைச் சதை சீத்தாப்பழத்துல எலுமிச்சை புழிஞ்ச மாதிரி இருக்கும், கொட்டைய மட்டும் கடிச்சிடாதீங்க, கசப்பு. அந்தச் சதையோடவே பெட்டியில போட்டு வாழை இலை மூடி 5, 6 நாள் புளிக்க விடறாங்க, உள்ள 45 டிகிரிக்கு மேல சூடு ஏறும், பக்கத்துல போனாலே வினிகர் நெடி. சாக்லேட் வாசனைக்கு விதை போடறதே இந்தப் பெட்டிதான், அதனால புதுப் பெட்டி ஒண்ணு, நாலு நாள் ஆன பெட்டி ஒண்ணு, ரெண்டயும் தொறந்து காட்டச் சொல்லுங்க.

காய வெச்சு வறுத்ததும் கொட்டை மேல இருக்கற தோல நீக்கணும். அங்க மெஷின் இருந்தும் எங்க மாமியார் முறத்த வாங்கி புடைச்சு காட்ட, அந்த வீட்டம்மா அசந்துட்டாங்க. அப்புறம் கல் கிரைண்டர்ல சர்க்கரையோட ஒரு நாளுக்கு மேல ஓடும். உலகம் பூரா சின்ன அளவுல சாக்லேட் செய்றவங்க நெறைய பேர் வாங்கறது கோயம்புத்தூர்ல செய்ற, நம்ம மாவு கிரைண்டர் சாதி மெஷினத்தான். வீட்ல முயற்சி பண்ணா மாவு அரைக்கிற கல்லுல போடாதீங்க, ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் மொத்தமும் கட்டி தட்டிடும்.

கடைசியா, வாங்கின சாக்லேட்ட வீடு சேர்க்கறது. அதுல இருக்கற கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி கிட்டயே உருகிடும், மே மாசம் காட்பாடி பிளாட்பாரம் என்ன சூடுன்னு உங்களுக்கே தெரியும். தெர்மாகோல் பெட்டியில ஐஸ் பேக் வெச்சு, பேப்பர் சுத்தி எடுத்துனு வாங்க. அப்படியும் உருகி, மறுபடி உறைஞ்சு மேல வெள்ளையா பூத்திருந்தா பூஞ்சைன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, வெண்ணெய்தான் மேல வந்து உறைஞ்சிருக்கு, பால்ல போட்டுக் காய்ச்சி பசங்களுக்குக் குடுத்துடுங்க.