ரெடிமேட் கோழிக்கூண்டு வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 15 அடிக்கு 11 அடி இடம் சும்மா கிடந்தது. பிள்ளைகளுக்கு வீட்டு முட்டை கொடுக்கலாமே என்று 6 கோழி வளர்க்க ஆரம்பித்தோம். கூண்டை ஆன்லைனில் படம் பார்த்து வாங்கினோம். சிவப்பு பெயின்ட், வெள்ளை பார்டர், குட்டி ஏணி என்று பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. எட்டே மாதத்தில் அதை ஓரங்கட்ட வேண்டி வந்தது. அதற்குள் மூன்று கோழிகளை இழந்திருந்தோம். அப்புறம்தான் கே.ஆர். புரம், டி.சி. பாளையா பக்கம் கோழி வளர்க்கிற நம்மவர்கள் வீடுகளுக்குப் போய், அவர்கள் கூண்டுகளைக் குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் தவறியிருக்கிறோம்.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருப்பத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அம்மா கோழிகளைப் பஞ்சாரம் என்கிற மூங்கில் கூடையில் கவிழ்த்துத்தான் வைப்பார். அதற்குள் கோழி திரும்பக்கூட இடம் இருக்காது. ஆனால் அது பொழுது சாய்ந்து விடிகிறவரைக்கும்தான். விடிந்தால் கோழி குப்பைமேடு, வைக்கோல்போர், பக்கத்துத் தோட்டம் என்று சுற்றிவிட்டு வரும். பெங்களூரில் 30க்கு 40 அடி மனையில் அது நடக்காது. இங்கே கோழி பகலும் இரவும் நாம் வாங்கிக் கொடுக்கிற கூண்டுக்குள்தான். ராத்திரிக்கு அடைக்கிற பெட்டியை வாங்கிவந்து, நாள் முழுக்க வாழ்கிற வீடாக அதைக் கொடுத்துவிடுகிறோம். கூண்டு பார்க்கப் போகும்போது, கோழி இதற்குள் எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்வியோடு போனால், '6 முதல் 8 கோழிகளுக்கு' என்று ஒட்டியிருக்கிற சீட்டை நம்ப மாட்டீர்கள். எங்கள் கூண்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. பின்னால் டேப் வைத்து அளந்தேன். உட்புறம் 4 அடிக்கு இரண்டரை அடி, அதாவது 10 சதுர அடி. ஒரு கோழிக்கு அடையும் இடத்தில் மட்டும் 3 முதல் 4 சதுர அடி வேண்டும், வெளியே நடமாட 8 முதல் 10 சதுர அடி வேண்டும் என்பது வீட்டுக்கோழிக்குச் சொல்லப்படும் பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்கள் கூண்டு 3 கோழிக்குத்தான் சரி. இடம் பற்றாமல் அடைத்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். முதலில் வால்பக்கத்து இறகு போகும், அப்புறம் ரத்தம் வரும், ரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். முட்டைப் பெட்டி, ஏணி, கூரைக்கு அடியில் இருக்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற அளவை ஏற்காதீர்கள். கால் வைத்து நிற்கிற தரையை மட்டும் அளந்து கேளுங்கள். இடம் குறைவு என்றால் கோழியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு நல்ல பெட்டைகள் இருந்தாலே ஒரு குடும்பத்துக்கு முட்டை தாராளம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். அதனால் விடியற்காலைக் கூவலுக்காகப் பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபம் வளர்க்கவும் தேவையில்லை.

அடுத்தது வலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கோழிகளைக் காவு கொடுத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டோம். ரெடிமேட் கூண்டுகள் பலவற்றில் அறுகோணக் கண்ணி போட்ட மெல்லிய வலைதான் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் 'சிக்கன் மெஷ்' என்றே அதற்குப் பெயர், அதனால் நாமும் நம்பிவிடுகிறோம். அது கோழியை உள்ளே நிறுத்தும். வெளியே இருந்து வருவதை நிறுத்தாது. ஒரு நாள் ராத்திரி கேட் சரியாகச் சாத்தாமல் தெருநாய் இரண்டு உள்ளே வந்திருக்கின்றன. காலையில் போய்ப் பார்த்தபோது வலை பழைய புடவை கிழிந்த மாதிரி ஒரு பக்கமாகச் சுருண்டு தொங்கியது. பலகையில் வலையைப் பிடித்திருந்த சின்னச் சின்ன ஸ்டேப்ளர் பின்கள் தரையில் சிதறிக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அரை விரல்நகம் நீளம்கூட இல்லை. இரண்டு கோழிகள் போயின. மீதி நான்கும் அடுத்த பத்து நாள் முட்டையே இடவில்லை.

நகரத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்காதீர்கள். நாய், பூனை, பெருச்சாளி, கீரி, மரநாய், சாரைப்பாம்பு எல்லாமே பெங்களூரில் இருக்கின்றன. குஞ்சு வைத்திருந்தால் காக்கையும் பருந்தும் சேர்த்தி. அரை அங்குலக் கண்ணி உள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை), துத்தநாகப் பூச்சு போட்டது, 19 கேஜ் அல்லது அதைவிடத் தடிமனானது என்று கேட்டு வாங்குங்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். வலையை ஸ்டேப்ளர் பின் கொண்டு அடித்திருந்தால் வேண்டாம். வாஷர் வைத்து ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும், அல்லது மேலே ஒரு பட்டை வைத்து இறுக்கியிருக்க வேண்டும். பெருச்சாளி அடியில் வளை தோண்டி வரும். அதற்குக் கூண்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு அடி, ஒன்றரை அடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்க வைத்து மேலே மண்ணைப் போட்டுவிடலாம். சுவரோரம் தோண்ட வருகிற பிராணிக்கு எங்கே கால் வைத்தாலும் கம்பிதான் தட்டும். தாழ்ப்பாளையும் பாருங்கள். சும்மா சுழற்றிவிடுகிற மரக்கட்டையோ ஒற்றைக் கொக்கியோ போதாது. தூக்கி, இழுத்து, இரண்டு வேலை செய்தால்தான் திறக்கும் என்பது மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் சின்னப் பூட்டு ஒன்று போட்டுவிடுங்கள்.

மூன்றாவது கோழியை வெயில் கொண்டுபோனது. படத்தில் அழகாகத் தெரிகிற இந்தக் கூண்டுகள் பனி பெய்கிற ஊர்களுக்காக வரைந்த மாதிரிகளின் நகல். அதனால்தான் நாலு பக்கமும் பலகை அடைத்து, உள்ளங்கை அகல ஜன்னல் ஒன்று வைத்திருக்கிறார்கள். பெங்களூர் குளுகுளு ஊர் என்று நாமும் இருந்துவிடுகிறோம். 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி வரை போயிருக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்து, இறக்கையைத் தளர்த்தித்தான் சூட்டை இறக்கும். அதன் உடம்புச் சூடே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். தகரக் கூரையும் அடைத்த பலகையும் சேர்ந்தால் உள்ளே அடுப்புதான்.

இங்கே கூண்டுக்கு இரண்டு பக்கமாவது முழுக்க வலையாக இருக்க வேண்டும். மூன்று பக்கம் என்றால் இன்னும் நல்லது. கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிராக, எப்போதும் மூடாத திறப்பு அவசியம். சூடும் எச்சத்தின் அம்மோனியாவும் அந்த வழியாகத்தான் வெளியேறும். சாரலுக்கும் ஜனவரிக் குளிருக்கும் கோணிப்படுதா ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். ஈரம் இல்லாமல், நேராக மேலே காற்று அடிக்காமல் இருந்தால், நம் ஊர்க் குளிரை இறகே தாங்கிக்கொள்ளும். காற்றோட்டம் போதுமா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. விடிந்ததும் கதவைத் திறந்தவுடன் முகத்தை உள்ளே கொண்டுபோங்கள். கண் எரிந்தால் ராத்திரி முழுக்க கோழி அதைத்தான் சுவாசித்திருக்கிறது. கூரை தகரம் என்றால் மேலே தென்னை ஓலை போடுங்கள், அல்லது வெள்ளை அடியுங்கள். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக வருகிற மாதிரி வைத்தால் வெயில் நேரே உள்ளே விழாது.

மழை விஷயத்தில் எல்லோரும் கோட்டைவிடுவது முட்டைப் பெட்டியில்தான். வெளியே துருத்திக்கொண்டு, மேல்மூடியைத் தூக்கி முட்டை எடுக்கிற மாதிரி இருக்கும். வசதிதான். ஆனால் செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை சாய்ந்து அடிக்கும்போது, கீல் இருக்கிற இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒரு நாள் மூடியைத் தூக்கினேன். உமி ஊறிக் கட்டியாகி, அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. பூஞ்சை பிடித்த உமியிலிருந்து கோழிக்கு நுரையீரல் நோய் வரும். மூடி பெட்டியைவிட இரண்டு அங்குலமாவது வெளியே நீண்டு சரிந்திருக்க வேண்டும், கீலின் மேல் ரப்பர் பட்டை ஓட வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பெட்டி எத்தனை இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை, 4, 5 கோழிக்கு 12 அங்குலச் சதுரத்தில் ஒன்றே போதும்.

கோழி உட்கார்ந்து தூங்குகிற கம்பு அந்தப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி எப்போதும் உயரமான இடத்தைத் தேடித்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி, அதிலேயே எச்சமிட்டு, காலையில் அழுக்கு முட்டை கொடுக்கும். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலக் கம்பு வேண்டும். இரண்டு அங்குல அகலத்தில், ஓரம் மழுக்கிய மரமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பைப்பில் கால் நிற்காது. ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவாக்கிய கிரிராஜா மாதிரி கனத்த கோழி என்றால் கம்பைத் தாழ்த்தி வையுங்கள். உயரத்திலிருந்து குதித்துக் குதித்து அதன் பாதம் புண்ணாகும்.

கம்பித்தரை உள்ள கூண்டு மலிவாகக் கிடைக்கும், கழுவவும் எளிது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. நாள் முழுக்க கம்பியில் நிற்கிற கோழிக்குக் கால் புண்ணாகும், மண்ணைச் சீய்க்கவும் புழுதி குளிக்கவும் வழியே இருக்காது. சீய்ப்பதும் புழுதி குளிப்பதும் கோழியின் பிறவிக்குணம். அதைப் பிடுங்கிக்கொண்டு முட்டையை மட்டும் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மரம் பிளைவுட்டா, வேறு எதுவா என்று பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். சாதா பிளைவுட் முதல் மழைக்காலத்திலேயே ஊதிவிடும், அதை மட்டும் தவிருங்கள். கூடுதலாக, பலகை இடுக்குகளைப் பாருங்கள். ரத்தம் உறிஞ்சுகிற செள்ளு பகலில் அங்கே ஒளிந்துகொண்டு ராத்திரி வெளியே வரும். இடுக்கு குறைவாக இருந்தால் தொல்லையும் குறைவு. பின்கதவு முழுசாகத் திறக்கிறதா, உங்கள் கை கடைசி மூலைவரை போகிறதா என்றும் பாருங்கள். கை எட்டாத மூலையை யாரும் சுத்தம் செய்வதில்லை.

இத்தனையும் பொருந்துகிற ரெடிமேட் கூண்டு கிடைக்கவில்லை என்றால், இந்த அளவுகளைத் தாளில் எழுதிப் பக்கத்து வெல்டிங் கடையில் கொடுங்கள். நாங்கள் கடைசியில் அப்படித்தான் செய்தோம், 6 அடி உயரத்தில், ஆள் உள்ளே போய்க் கூட்டிவிட்டு வருகிற மாதிரி. பழைய சிவப்புக் கூண்டை எறியவில்லை. வலையை மாற்றி, ஒரு பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு, அடைக்கோழிக்கு என்று ஒதுக்கிவிட்டோம். ஒற்றைக் கோழி அசையாமல் உட்கார அது சரியான அளவு. ஊரிலிருந்து அம்மா உமிக்குள் புதைத்துக் கொடுத்தனுப்பிய 9 முட்டைகளின் மேல் இப்போது ஒரு கோழி உட்கார்ந்திருக்கிறது. இன்று 14ஆம் நாள்.