மடக்குக் கத்தி: பொக்கற்றுக்கு எந்த அளவு?

கத்தியை அளக்க முதல், நாள் முழுக்க எதை வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். வன்னியில் இளநீர் சீவ, வேலிக்கு அலம்பல் வெட்ட எல்லாம் வீட்டில் பெரிய கத்தி இருக்கும், அந்த வேலையைப் பொக்கற் கத்தியிடம் கேட்கக் கூடாது. உரப்பையின் தையல் நூல், நைலோன் கயிறு, ஒரு மாம்பழம், இவ்வளவுதானே? 6 அல்லது 7 சென்ரிமீற்றர் அலகு (வெட்டும் தகடு) தாராளம்.

கடையில் விரித்துப் பிடித்துப் பாருங்கள். நாலு விரலும் பிடியில் அடங்க வேண்டும், சுண்டுவிரல் வெளியே நின்றால் ஈரக் கையோடு கயிறு அறுக்கும்போது வழுக்கும். விக்டோரினொக்ஸ் என்ற சுவிஸ் கத்திகளில் மடித்தால் 58 மில்லிமீற்றர் வருவது திறப்புக்கோர்வைக்குத்தான் நல்லது, வயலுக்குப் போகிறவருக்கு 91 மில்லிமீற்றர்காரன் சரி. ஒப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தியில் 8ஆம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர், அருமையாக வெட்டும், ஆனால் மடித்தாலும் 11 சென்ரிமீற்றர் அளவில் நிற்பதால் மோட்டார் சைக்கிளில் இருக்கும்போது தொடையில் குத்தும்.

அப்புறம், சேட் பொக்கற்றில் வைக்காதீர்கள். என்னுடையது ஒன்று கிணற்றுக்குள் குனிந்தபோது போனதுதான், இன்னும் அங்கேதான் கிடக்கிறது. சாரம் கட்டுகிறவர்கள் பிடியில் ஓட்டை உள்ளதாக வாங்கி நூல் கோர்த்து இடுப்பில் கட்டலாம். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் என்றால் கறள் பிடிக்காத எவர்சில்வர் அலகாகவே எடுங்கள்.

நீதிமன்றத்துக்கோ விமான நிலையத்துக்கோ போகும் நாளில் எந்த அளவானாலும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.