முழங்காலைத் திட்டாமல் யோகம் தொடங்க

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் தையல் மிஷின் முன் குனிந்து உட்கார்ந்தவருக்கும், சோமனூரில் நாள் முழுவதும் விசைத்தறிகளுக்கு நடுவே நின்றவருக்கும் உடம்பின் நினைவு வலிக்கும்போது மட்டுமே வருகிறது. அப்போதும் எரிச்சலோடுதான் வருகிறது. யோகம் கற்க வருகிற பலர் இந்த எரிச்சலையும் கூடவே கொண்டுவந்து, குனிந்தால் விரல் பாதத்தைத் தொடவில்லையே என்று தம்மைத் தாமே குறைசொல்லத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எளிதாகச் செய்ததை என்னால் செய்ய முடியவில்லை என்பதற்காக, முதல் வகுப்புக்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. தன்னை ஏற்றுக்கொள்ளும் வழியாக யோகத்தைப் பழக விரும்புகிறவர், இந்த ஒப்பீட்டைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில் பழகுவது நல்லது. விரிப்புக்கு வீட்டில் இருக்கும் பவானி ஜமுக்காளமே போதும். நின்று செய்யும் ஆசனங்களுக்கு மட்டும், வழுக்காமல் இருக்க, அதை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் நில்லுங்கள்.

முதலில் சம்மணமிட்டு உட்காருங்கள். முழங்கால் தரையில் படியாமல் தூக்கி நின்றால் அதைக் கையால் அழுத்தாதீர்கள். ஜமுக்காளத்தின் ஓரத்தை நான்காக மடித்துப் பிட்டத்தின் கீழ் வைத்தால் இடுப்பு சற்று உயர்ந்து முதுகு தானாக நிமிரும். தூக்கி நிற்கும் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையைக் கொடுத்தால், தொடையின் உட்பக்கத்து இழுப்பு சில மூச்சுகளிலேயே தளர்வதை உணரலாம். அன்றைக்கு உடம்பு எங்கே நிற்கிறதோ அங்கேயே அதைத் தாங்கிப் பிடிப்பதுதான் பயிற்சி என்பது எனக்கு அந்தத் தலையணையை வைத்த நாளில்தான் புரிந்தது.

பிறகு நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு செய்தால், மூச்சை விடும்போது துடிப்பு சற்று மெதுவாவது விரலுக்கே தெரியக்கூடும். ஐந்து நிமிடம் போதும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்து, கால்களை நீட்டி முன்குனியும் பச்சிமோத்தானாசனத்தை முழங்காலைச் சற்று மடித்தே செய்யுங்கள். இழுப்பு தொடங்கும் இடத்தில் ஐந்து மூச்சு இருங்கள். சுருக்கென்று வலித்தால் பின்வாங்குங்கள். முடிவில் பத்து நிமிடம், மல்லாந்து அசையாமல் படுத்திருக்கும் சவாசனம். அப்போது காரணமின்றிக் கண்ணீர் வந்தால் வரட்டும். ஆனால் பழைய துயரம் ஒன்று படபடப்போடு எழுந்தால் கண்ணைத் திறந்து எழுந்து உட்காருங்கள். அது தொடருமானால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. யோகத்தை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

மனத்துக்கான பகுதி மாலையில் செய்ய வேண்டியது. நெசவுக் குடும்பத்தில் 1911இல் பிறந்து, பின்னாளில் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயில் என்ற பயிற்சி மையத்தை நிறுவிய வேதாத்திரி மகரிஷி, மனவளக்கலை என்ற தமது யோக முறையில் அகத்தாய்வு என்ற பயிற்சியை வைத்தார். அதில் கவலைகள் நான்காகப் பிரிக்கப்படுகின்றன: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு உங்கள் கவலைகளை எழுதுங்கள். நம்மில் பலர் நிறம், வயது, இறந்துபோனவரின் பிரிவு ஆகியவற்றைக்கூட நான்காவது பத்தியில் எழுதிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அவற்றோடு மல்லுக்கட்டுகிறோம். அவற்றை முதல் பத்திக்கு மாற்றி எழுதும்போது கை தயங்கும், அந்தத் தயக்கத்தோடேயே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பழைய பக்கங்களைப் புரட்டினால், மூன்றாவது பத்தியில் இருந்தவற்றில் பாதி நினைவிலேயே இராது.

நம் ஊர் மனவளக்கலை மன்றங்களில் சந்திக்கிற ஒவ்வொருவரையும் "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்துவார்கள். பயிற்சியை முடித்து எழும் முன், அன்றைக்கு வலித்த இடத்தின் மேல், முழங்காலோ முதுகோ, உள்ளங்கையை வைத்து அந்த வாழ்த்தை முதலில் அதற்குச் சொல்லுங்கள். வீட்டாருக்கும் மற்றவர்களுக்கும் அதன் பிறகு சொல்லலாம்.