ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்டீயரிங் இழுக்கிறதா?

என் கார் டர்போ டீசல், முன்சக்கர இழுவை. இரண்டாம் கியரில் முழுக்க மிதித்தால் ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுக்கும். காலை எடுத்தால் இடப்பக்கம் போகும். சீரான வேகத்தில் நேராகவே ஓடும். அப்படியென்றால் அலைன்மென்ட்டை (சக்கரக் கோணச் சீரமைப்பை) மட்டும் பார்த்துப் பயனில்லை.

முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டுகளான டிரைவ் ஷாஃப்ட் இரண்டும் ஒரே நீளமில்லை, சாயும் கோணமும் வேறு. ஆகவே கொஞ்சம் இழுப்பு பிறவிக்குணம். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர், அதாவது லோயர் ஆர்ம் புஷ், தேய்ந்தால் அது அளவு மீறும். கும்பகோணம் பக்கத்து ஆற்றங்கரைச் சாலைப் பள்ளங்கள் அந்த ரப்பரைச் சீக்கிரம் கிழிக்கும். கம்பியால் நெம்பினால் பிளவு தெரியும்.

முன்டயர் இரண்டிலும் ஒரே காற்று, ஒரே ரகம், ஒரே தேய்மானம் என்று உறுதிசெய்துவிட்டு, இரு பக்க புஷ்ஷையும் சேர்த்தே மாற்றினேன். ஆர்ம் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது கடைசியாக இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பின்பே டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனரால்) இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கியபடியே நின்று மறுபடி கிழியும். அவசரப் பட்டறைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டும் பார்த்து, இறுதியில் அலைன்மென்ட்.

தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் இப்போது லேசான இழுப்புதான். அறுவடை டிராக்டர் இறைத்த சேற்றில் ஒரு சக்கரம் ஏறினால் மட்டும் எந்த புஷ்ஷும் உதவாது. ஆக்சிலரேட்டரைக் குறைக்கத்தான் வேண்டும்.