ஸ்பீக்கர் ஒயர் வாங்கச் சேலத்துக்கு இறங்குமுன்

முதலில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் வரை, சுவரோரமாகவே நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் தாராளம். 10 மீட்டர் என்றால் 2.5 எடுங்கள். அதற்குமேல் காசு கொடுப்பது வீண் என்பதே என் முடிவு.

செம்புதானா என்று கட்டாயம் பாருங்கள். ஒருமுறை ஏமாந்தேன்: வெளியே செம்பு நிறம், பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! மின்தடை கூடுதல், வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில், எங்கள் வீட்டில் திறந்து கிடந்த முனைகள் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிட்டன. அப்படியானால் நுனியை வெட்டி, புதிதாக உரித்து, இறுக முறுக்கிச் செருகுங்கள். ஓர் இழைகூட அடுத்த முனையைத் தொடக்கூடாது. சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால், தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி மெலிந்துவிடும்.