ஜூரி சம்மன் வந்தால்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் செய்ய வேண்டியவை

நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்த பிறகுதான் ஜூரிக்குக் கூப்பிடுவார்கள் என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இந்த நாடுகளின் குடிமக்கள் முறையான விசாவோ தங்கும் அனுமதியோ பெற்று இங்கே வாழ்ந்தால் வாக்காளர் பட்டியலில் பதியலாம். ஜூரிக்கான பெயர்களைக் கணினி அந்தப் பட்டியலிலிருந்துதான் குலுக்கல் முறையில் எடுக்கிறது. வேறு தங்கும் அனுமதி இல்லாமல், அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் சேர முடியாது. அந்தஸ்து கிடைத்த இலங்கையர் சேரலாம்.

பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. வயது 18 நிரம்பி, 76 ஆகாமல் இருக்க வேண்டும். 13 வயதுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டுகள் தொடர்ச்சியாக ஐக்கிய இராச்சியத்திலோ சேனல் தீவுகளிலோ மான் தீவிலோ வாழ்ந்திருக்க வேண்டும். ஊருக்கு விடுமுறையில் போய்வந்தது இந்தக் கணக்கை உடைக்காது. நீங்கள் எப்போது வந்தீர்கள் என்பது கணினிக்குத் தெரியாது. அதனால் வந்து 2 ஆண்டு ஆனவருக்கும் சம்மன் வரலாம். அப்போது விலக்குக் கேட்டு எழுதத் தேவையில்லை. 5 ஆண்டு ஆகவில்லை என்று படிவத்தில் பதில் சொன்னாலே போதும், நீங்கள் தகுதி இல்லாதவர் ஆகிவிடுவீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

முதலில் மூன்றைப் பிரித்துப் பாருங்கள்

படிவம் நிரப்பும்போது நடக்கும் குழப்பத்தில் பெரும்பாலானது மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகக் கலப்பதால் வருகிறது. தகுதி இல்லாமை என்பது சட்டமே உங்களை ஜூரியில் உட்கார விடாத நிலை. விலக்கு என்பது தகுதி இருந்தும் உங்களால் முடியாது என்று கேட்டு வாங்குவது. ஒத்திவைப்பு என்பது இப்போது முடியாது, பிறகு வருகிறேன் என்பது. இவற்றோடு பலருக்குத் தெரியாத நான்காவது வழி ஒன்றும் உண்டு. வருகிறேன், ஆனால் எனக்கு இன்ன வசதி வேண்டும் என்று கேட்பது. மாற்றுத்திறனாளிகள் பலருக்குப் பொருத்தமானது இந்த நான்காவது வழிதான். அது தெரியாமல் நேரே விலக்குக் கேட்டுவிடுகிறார்கள்.

சக்கர நாற்காலி, பார்வைக் குறைவு, காது கேட்பதில் குறைவு, நீரிழிவு, வலிப்பு, பக்கவாதத்துக்குப் பிந்தைய பலவீனம் இவற்றில் எதுவுமே ஒருவரைத் தானாகத் தகுதியற்றவர் ஆக்காது. 1974ஆம் ஆண்டின் ஜூரிகள் சட்டத்தில் 9பி பிரிவு இதைத் தெளிவாக வைத்திருக்கிறது. உடல் குறைபாடு காரணமாக ஒருவரால் ஜூரியாகச் செயல்பட முடியுமா என்ற சந்தேகம் வந்தால் அவரை நீதிபதி முன் கொண்டுபோகலாம். அவரால் திறம்படச் செயல்பட முடியாது என்று நீதிபதி கருதினால் மட்டுமே சம்மனை ரத்துச் செய்யலாம். அப்படிக் கருதாவிட்டால் சம்மனை உறுதிப்படுத்தியே ஆக வேண்டும். அதாவது, “உங்களுக்குச் சிரமமாக இருக்குமே, வீட்டுக்குப் போங்கள்” என்று ஓர் அலுவலர் அன்பாகச் சொல்லி அனுப்பிவைக்க முடியாது. நீங்கள் இருக்க விரும்பினால், நீதிபதி முடிவெடுக்கட்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

மனநலம்: பயந்து மறைக்க வேண்டாம்

நம் வீடுகளில் அதிகம் ஒளித்துவைக்கப்படுவது இதுதான். முன்பு மனநலச் சிகிச்சைக்காகத் தொடர்ந்து டாக்டரிடம் போய்வருபவர்களையும் சட்டம் ஜூரியிலிருந்து விலக்கியிருந்தது. மனநலப் பாகுபாட்டுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. மனச்சோர்வுக்கு ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) மாத்திரை எடுப்பவரும், பதற்றத்துக்கு ஆலோசனைக்குப் போகிறவரும் இன்று முழுத் தகுதி உள்ளவர்களே.

இப்போது தகுதி இல்லாதவர்கள் சிலர் மட்டும்தான். 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் கீழ் மருத்துவமனையில் கட்டாயமாக வைக்கப்படக்கூடியவர், மனநோய் காரணமாக மருத்துவமனையில் தங்கியிருப்பவர், அதே சட்டப்படி பாதுகாவலர் ஏற்பாட்டிலோ சமூகச் சிகிச்சை ஆணையிலோ இருப்பவர், 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி ஜூரியாக இருக்கும் மனத்திறன் இல்லாதவர்.

மறதிநோய் உள்ள அம்மா, அப்பாவுக்குச் சம்மன் வருவது கடைசி வகையைத் தொடுகிறது. டிமென்ஷியா என்ற பெயர் இருப்பதே தகுதியின்மை ஆகாது. நாள் முழுக்கச் சொல்லப்படும் சாட்சியத்தைப் புரிந்து, நினைவில் வைத்து, எடைபோட்டு, தன் முடிவைச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்றால் பிள்ளைகள் அவர் சார்பில் பதில் அனுப்பலாம், படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. “அம்மாவுக்கு ஒன்றும் புரியாது, விட்டுவிடுவோம்” என்று கடிதத்தை அலமாரியில் வைப்பதுதான் தவறு. பதில் வராவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் அம்மா பெயரில்தான் வரலாம்.

பதில் எழுதும் முறை

சம்மன் தபாலில் வரும். கிடைத்த 7 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆன்லைனிலும் செய்யலாம், தாளிலும் நிரப்பி அனுப்பலாம். சேவைக் காலம் பொதுவாக 10 வேலைநாள். சில வழக்குகள் நீளும்.

விண்ணப்பங்கள் அதிகம் சறுக்குவது காரணம் எழுதும் இடத்தில்தான். பலர் நோயின் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். ‘முதுகு வலி’, ‘சுகர்’, ‘ஆர்த்ரைட்டிஸ்’ என்று படித்தால் அலுவலருக்கு எதுவும் விளங்காது. அதே வலியோடு வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரம் பேர். உங்கள் உடலால் எது முடியும், எது முடியாது என்பதை நேரத்தோடும் தூரத்தோடும் எழுதுங்கள். “20 நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் உட்கார முடியாது, எழுந்து 5 நிமிடம் நிற்க வேண்டும், 50 மீட்டருக்கு மேல் நடக்கத் தடி வேண்டும், மதியம் எடுக்கும் மாத்திரைக்குப் பிறகு 2 மணி நேரம் தூக்கக் கலக்கமாக இருக்கும்.” இப்படி எழுதினால் வசதி செய்து தரலாமா, விலக்கே கொடுக்க வேண்டுமா என்று படிப்பவர் முடிவெடுக்க முடியும்.

ஒத்திவைப்பு ஒருமுறைதான் கிடைக்கும், அதுவும் அடுத்த 12 மாதத்துக்குள். அறுவைச் சிகிச்சைத் தேதி இருந்தால், கீமோதெரபி சுற்றுகள் முடியும் மாதம் தெரிந்தால், அந்தத் தேதிகளை எழுதி, வரமுடியாத நாட்களையும் குறிப்பிடுங்கள். விலக்கு என்றால் அடுத்த 12 மாதத்தில் எந்த நேரத்திலும் முடியாது என்று காட்ட வேண்டும். தீரும் நோய்க்கு விலக்குக் கேட்டால் பெரும்பாலும் ஒத்திவைப்புத்தான் கிடைக்கும்.

ஆதாரமாக ஜிபியின் கடிதம் வைக்கலாம். வேலைக்கு லீவு எடுக்கத் தரும் சான்றிதழை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். அது உங்கள் வேலையைப் பற்றியது, நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்பதைப் பற்றியதல்ல. ஜிபி அலுவலகம் கடிதத்துக்குக் கட்டணம் கேட்கலாம், கடிதம் வரத் தாமதமும் ஆகலாம். 7 நாள் முடிவதற்குள் படிவத்தை அனுப்பிவிட்டு, கடிதம் பின்னால் வரும் என்று எழுதிவிடுங்கள். மருத்துவமனை அனுப்பிய பழைய கடிதங்களின் நகல் கையில் இருந்தால் அவையும் உதவும்.

நோயாளியை முழுநேரமும் பார்த்துக்கொள்பவரும் விலக்குக் கேட்கலாம். கணவரையோ, ஆட்டிசம் உள்ள பிள்ளையையோ நாள் முழுக்கக் கவனிப்பவர் இதை எழுதும்போது, அந்த நேரத்தில் வேறு யாரும் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விலக்கு மறுக்கப்பட்டால் அதோடு முடியவில்லை. நீதிமன்றத்துக்கு எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். சம்மனையும் மறுப்புக் கடிதத்தையும் இணைத்து, ஏன் அந்த முடிவு பொருந்தாது என்று சொல்லுங்கள். உங்கள் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமல் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

ஆங்கிலம் போதாதது வேறு காரணம். ஜூரிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடையாது. ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு மூட்டுவலியைக் காரணமாக எழுதுவதை நிறுத்துவோம். மூட்டுவலிக்கு வசதி செய்து தருகிறோம் என்றுதான் பதில் வரும். ஆங்கிலம் போதாது என்பதை நேராக எழுதுங்கள், ஜூரிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

போக விரும்புபவர்கள் கேட்க வேண்டியவை

படிவத்திலேயே தேவைகளை எழுதிவிட்டு, எந்த நீதிமன்றம் என்று உறுதியானதும் அங்குள்ள ஜூரி அலுவலரைத் தொலைபேசியில் பிடியுங்கள். பழைய கட்டடங்களில் வாசலில் சரிவுப்பாதை இருந்தாலும் ஜூரி இருக்கைக்கு இரண்டு படி ஏற வேண்டியிருக்கலாம். அதனால் ‘உள்ளே வர வசதி இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்டால் போதாது. வாசல், காத்திருக்கும் அறை, ஜூரி இருக்கை, ஜூரிகள் கலந்து பேசும் அறை, கழிப்பறை என்று ஐந்து இடத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். முன்கூட்டியே போய்ப் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். அந்தக் கட்டடம் சரிவராது என்றால் வேறு நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

காது கேளாதவர்களுக்குப் பெரிய மாற்றம் 2022இல் வந்தது. ஜூரிகள் கலந்து பேசும் அறைக்குள் 12 பேரைத் தவிர வேறு யாரும் நுழையக்கூடாது என்பது பழைய விதி. சைகைமொழி பேசுவோர் பல ஆண்டுகள் வெளியே நின்றது இதனால்தான். 2022ஆம் ஆண்டின் காவல், குற்ற, தண்டனை, நீதிமன்றச் சட்டம் பிரிட்டிஷ் சைகைமொழி மொழிபெயர்ப்பாளரை அந்த அறைக்குள் அனுமதிக்கிறது. அவர் கலந்துரையாடலில் தலையிடக்கூடாது, கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. சட்டம் சொல்வது பிரிட்டிஷ் சைகைமொழியை மட்டும். ஊரில் கற்ற சைகைமொழி மட்டும் தெரிந்தவருக்கு இந்த வழி திறக்காது. அவர் அதைப் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். காது கேட்கும் கருவி போடுபவர்கள், ஒலியை நேரே கருவிக்கு அனுப்பும் லூப் நீதிமன்ற அறையிலும் கலந்து பேசும் அறையிலும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தனிப்பட்ட உதவியாளர் விஷயம் இதைவிடக் கடினம். அவர் கலந்து பேசும் அறைக்குள் வர முடியாது. கதவு மூடியபின் சில மணி நேரம் அவர் இல்லாமல் உங்களால் சமாளிக்க முடியுமா என்று முன்பே யோசித்து, அதை நீதிமன்றத்திடம் பேசிவிடுங்கள். வழக்கைப் பற்றி அவரிடமோ வீட்டிலோ ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது.

நீரிழிவு நம்மிடையே அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கையில் ஒட்டும் சென்சார் இரத்தச் சர்க்கரையைக் கைப்பேசிக்கு அனுப்பும். ஆனால் ஜூரிகளின் கைப்பேசிகளை வாங்கிவைக்க உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கலந்துபேசப் போகும்போது வாங்கிவிடுவது வழக்கம். அன்று காலை கதவருகில் நின்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட, முதல் வாரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லி, சென்சாரைப் படிக்கும் தனி ரீடர் கருவி வைத்திருக்கலாமா, கைப்பேசியை அலுவலர் பக்கத்தில் வைத்திருப்பாரா என்று தீர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். இன்சுலின் பேனாவையும் ஊசியையும் பெயர் ஒட்டிய மருந்துப் பெட்டியோடு கொண்டுபோங்கள். காத்திருப்பு நீளமானது, சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போவதும் உண்டு. அதனால் சர்க்கரை குறையும்போது போட்டுக்கொள்ளக் குளுக்கோஸ் மாத்திரை பையில் இருக்கட்டும்.

உறுதிமொழியை அட்டையைப் பார்த்து உரக்க வாசிக்க வேண்டும். எழுத்துத் தெரியாத அளவு பார்வைக் குறைவோ, வாசிப்பதில் சிரமமோ இருந்தால், அலுவலர் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்கிறேன் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். பகவத் கீதை, பைபிள், குர்ஆன் போன்ற உங்கள் சமய நூலின்மீதோ, சமயம் சாராமலோ உறுதி எடுக்கலாம்.

வழக்கு நடுவில் உடம்பு முடியாமல் போனால் அலுவலரிடம் சொல்லுங்கள் அல்லது நீதிபதிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதுங்கள். உங்களால் வழக்கே கெட்டுவிடும் என்று பயந்து வலியை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். நோய்வாய்ப்பட்ட ஜூரியை நீதிபதி விடுவிக்கலாம். எண்ணிக்கை 9க்குக் கீழே போகாதவரை மற்றவர்களோடு வழக்குத் தொடர முடியும்.

பணம், வேலை, பெனிபிட்

நீதிமன்றம் சம்பளம் தராது. போக்குவரத்து, சாப்பாடு, இழந்த வருமானம் இவற்றை ஓர் உச்சவரம்புக்குள் திருப்பித் தரும். வழக்கமாக நீங்கள் செலவழிப்பதற்கு மேல் பராமரிப்புச் செலவு வந்தால் அதையும் கேட்கலாம். பேருந்து, ரயிலில் போக முடியாதவர் டாக்சி எடுப்பதற்கு நீதிமன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் ரசீதை மட்டும் நீட்டினால் பணம் வராமல் போகலாம்.

வேலை கொடுப்பவர் லீவு தந்தே ஆக வேண்டும், சம்பளம் தர வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை. யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகை வாங்குபவர் சம்மன் வந்தவுடன் அதை வொர்க் கோச்சிடம் (உதவித்தொகை அலுவலகத்தில் உங்களைக் கவனிக்கும் அலுவலரிடம்) காட்டுங்கள். முதல் 8 வாரம் உதவித்தொகை தொடரும். அதற்குமேல் வழக்கு நீண்டால் நீதிமன்றம் ஒரு படிவம் தரும், அதை அந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.