நடிக்கப் பயிற்சி வேண்டுமா?

சான்றிதழைப் பார்த்து யாரும் வாய்ப்புத் தருவதில்லை. அதற்காகப் பயிற்சி வீணல்ல: 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் நடிகர் பசுபதி பயின்றார்.

எந்தப் பயிற்சியிலும் சேருமுன் உங்கள் குறை எதுவென்று பாருங்கள். செல்போனைக் கண் மட்டத்தில் ஸ்டாண்டில் வைத்து, ஒரு நிமிட வசனத்தைப் பதிவு செய்யுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். முதுகுப் பக்கமிருந்து வந்தால் முகம் இருண்டுவிடும். எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தைப் படிப்பவர் போனை ஒட்டி நின்று தணிந்த குரலில் படிக்கட்டும்.

முதலில் சத்தமில்லாமல் பாருங்கள். புருவமும் கையும் ஓயாமல் ஆடினால் அது மேடை நாடகத்துக்கான அளவு, குளோசப் தாங்காது. பிறகு திரையை மறைத்துக் கேளுங்கள். வாக்கியக் கடைசிச் சொல் விழுங்கப்படுகிறதா? பெரும்பாலும் மூச்சுப் பற்றாமைதான். தனியாகத் திருத்துவது கடினம், இதற்குத்தான் ஆசிரியர் தேவை. ‘சினிமா வாய்ப்பு நிச்சயம்’ என்று முன்பணம் கேட்பவர் ஆசிரியர் அல்ல.